வெள்ளத்துக்கு அடியில் ஏழு கிணறுகள்

கோசி ஆற்றின் இரண்டு கரைகளுக்கும் நடுவே உயிரோடு இருக்கிறவர்களில் வெறிநாய்க்கடியை முழுமையாக அறிந்தவன் நான் ஒருவனே. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நிலவரம் அப்படி. சுபௌலில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகம் இந்த நோய்க்கு ஒன்றேகால் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. அந்த ஒன்றேகால் பக்கத்தையும் நான் படித்திருக்கிறேன். வகுப்பில் வேறு யாரும் படிக்கவில்லை என்பது தேர்வின்போது தெரிந்தது. திருத்தியவரும் படிக்கவில்லை என்பது மதிப்பெண் வந்தபோது தெரிந்தது.

ஆகவே சாவன் மாத வெள்ளத்தில் ஊர் மூழ்கி நாங்கள் எல்லோரும் கிழக்கு அணைக்கரைமேல் ஏறியபோது, அறிவியலும் என் கூடவே ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் இரண்டு அணைக்கரைகளுக்கும் உள்ளே இருப்பதால் வெள்ளம் ஒன்றும் புதிதல்ல. சம்பந்தி வீட்டார் மாதிரி. வரும் நாள் தெரியும், போகும் நாள் தெரியாது. ஆனால் இந்த வருடம் அணைக்கரையே வடக்கில் ஓரிடத்திலும் தெற்கில் ஓரிடத்திலும் அறுந்துவிட்டது. நடுவில் இரண்டு மைல் மிச்சம். மேலே ஒரு டிராக்டரும், அதை முறைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் ஓர் ஆளும் கொள்ளும் அகலம். அதில் பதினொரு ஊர். உள்பக்கம் ஆறு. வெளிப்பக்கம், வடிய வழியில்லாமல் நிற்கும் மழைத்தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பி நின்று குளித்தாலும் யாராவது பார்த்தார்கள்.

நாய்களும் பதினொரு ஊர் நாய்கள். ஊரில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு ஜமீன் உண்டு. பள்ளிக்கூடத்து நாய் அரிசி மில் பக்கம் போகாது. போனால் மூன்று காலில் திரும்பும். வெள்ளம் ஜமீன்களை ஒரே ராத்திரியில் ஒழித்துவிட்டது. ஒரு தார்ப்பாய்க்கும் அடுத்த தார்ப்பாய்க்கும் நடுவே ஆளுக்கொரு ராஜ்யம் அமைத்து அவை ஓயாமல் போர் நடத்தின. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆற்றுக்குள் நீட்டியிருக்கும் கல்மேட்டில் செத்த எருமைகள் ஒதுங்கின. முன்பெல்லாம் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கி அரை நாளில் எலும்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போகுமாம். நான் பிறந்தபிறகு அவை வந்ததில்லை. அந்த வேலை நாய்களுக்கு வந்தது; வேலை கிடைத்ததும் அவை குடும்பத்தைப் பெருக்கின. நாணல்காடு மூழ்கியதால் நரிகளும் நீந்தி வந்து அதே பந்தியில் உட்கார்ந்தன. பந்தியில் கடி நடந்தது. யாரை யார் கடித்தார்கள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் பந்தியிலேயே அவலுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது.

எங்கள் தார்ப்பாயை ஆண்டது முன்ஷி. காது கிழிந்த செம்பட்டை நாய். நிவாரணப் பட்டியல் எழுதுகிறவரின் மேசைக்கடியில் போய் உட்கார்ந்து எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்ததால் அந்தக் குமாஸ்தாப் பெயர். என் அண்ணி சுனைனா பௌஜி தன் பங்கு அவலில் ஒரு கைப்பிடியை நனைத்து அதற்கு வைப்பாள். என் அண்ணன் லூதியானாவில் ஸ்வெட்டர் மில்லில் இருக்கிறான். அவனுடைய பங்கைத்தான் நாய்க்கு வைப்பதாக அவள் சொல்வாள்.

முன்ஷி இரண்டு நாளாக அவல் தின்னவில்லை. படகோட்டிப் பெரியவர் புலகித் சாச்சா கவிழ்த்து வைத்திருந்த பழைய படகின் அடியில் படுத்துக் கயிற்றையும் கட்டையையும் கடித்துக்கொண்டிருந்தது. முகாம் வாழ்க்கையால் வந்த மனச்சோர்வு என்று நான் கண்டறிந்து அறிவித்தேன்.

"அருகே போகலாமா பாபு?" என்றாள் பௌஜி.

"தாராளமா. பயப்படறவங்களைத்தான் நாய் கடிக்கும். பயத்துக்கு ஒரு வாசனை இருக்கு. பயப்படாதவனை அது தொடாது. இது அறிவியல்."

ஒன்றேகால் பக்கத்தில் இது இல்லை. ஆனால் இன்னும் அரைப் பக்கம் கொடுத்திருந்தால் போட்டிருப்பார்கள்.

புலகித் சாச்சா வலையைப் பிரித்தபடியே கேட்டார். "அது சரி ப்ரொபசர், இந்த விஷயம் நாய்க்குச் சொல்லியாச்சா?"

மறுநாள் காலை பௌஜி படகின்மேல் காய வைத்த வறட்டியை எடுக்கப் போனாள். முன்ஷி குரைக்கவில்லை. வெளியே வந்து அவள் கெண்டைக்காலைக் கவ்வியது, கவ்வினது விடவில்லை. நான் ஓடிப்போய் வெறுங்காலால் உதைத்தேன். விட்டது. திரும்பியது. என் குதிகாலில் ஏதோ பட்டது. பிறகு அது தள்ளாடி ஓடி வலையில் சிக்கி, மத்தியானம் அங்கேயே செத்துப்போனது.

எல்லோரும் பௌஜியைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் குதிகாலைப் பார்த்தேன். கடுகளவு ரத்தம். அது மூங்கில் முளை கிழித்ததாக இருக்கலாம். பயப்படாதவனை நாய் தொடாது என்று நேற்றுத்தான் பதினொரு ஊருக்கும் சொல்லியிருந்தேன். நான் பயப்பட்டேனா? இல்லை. ஆகவே அது மூங்கில்தான்.

நிவாரணத்தில் வந்த சோப்பை எடுத்துக்கொண்டு பௌஜியைத் தண்ணீர் ஓரம் உட்கார வைத்தேன். கால் மணி நேரம் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது புத்தகத்தில் உண்மையாகவே இருந்தது. கழுவினேன். நுரை வழிந்து என் காலிலும் விழுந்தது. குனிந்து தேய்த்தால் யாராவது பார்ப்பார்கள் என்பதால் மற்றக் காலின் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டேன்.

அதற்குள் ஊர் மருத்துவம் கூடிவிட்டது. ஒருத்தி மிளகாய் அரைத்துக்கொண்டு வந்தாள். ஒருவர் வெண்கலத்தட்டை பௌஜியின் முதுகில் வைத்து, ஒட்டினால் விஷம் இருக்கிறது என்றார். வியர்வையில் எது வைத்தாலும் ஒட்டியிருக்கும். பக்கத்துத் தார்ப்பாய்க்காரி, இனி வயிற்றுக்குள் நாய்க்குட்டி வளரும் என்றாள்.

"நல்லதுதான். காவலுக்கு ஆச்சு," என்றேன்.

மாய் என்னை முறைத்தாள். பெற்றவள் முறைக்கும்போது அறிவியல் கொஞ்சம் பின்வாங்கும். "வாயை மூடு. ஏழு கிணறு எட்டிப் பாக்கணும். அதான் இதுக்கு. என் மாமியாரைக் கடிச்சப்போ பாத்தாங்க, எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்க."

"மாய், அந்த நாய்க்கு வெறி இருந்திருக்காது. அதான் இருந்தாங்க. ஊசி போடணும்."

"வயித்துல பதினாலு ஊசியா? புருஷன் ஊர்ல இல்லாதப்ப ஆணில்லாத வீட்டுப் பொண்ணை எவனோ வயித்துல குத்தறதா?"

"நான் ஆண்தானே?"

"நீ காலேஜ் பையன்."

"வயித்துல இல்லை, இப்பல்லாம் தோள்லதான். சரி, அதை விடு. கிணறு எங்கே இருக்கு? எல்லாம் தண்ணிக்கு அடியில." இங்கே ஒரு நகைச்சுவை தானாக வந்தது, அதற்கு நான் பொறுப்பல்ல. "இப்போ மொத்த ஜில்லாவும் ஒரே கிணறு. ஒரு தடவை எட்டிப் பாத்தாப் போதும், எழுநூறு கிணறு பாத்த பலன்."

சிலர் சிரித்தார்கள். பௌஜியும் சிரித்தாள். காலில் மிளகாய் எரிய, கண்ணில் நீரோடு சிரித்தாள்.

மருத்துவப் படகு அடுத்த நாள் வந்தது. அதில் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை இருந்தது, சொறிக்குக் களிம்பு இருந்தது, கைகழுவும் முறை பற்றிய அட்டை இருந்தது. நாய்க்கடி ஊசி இல்லை. அது பனிக்கட்டியில் இருக்க வேண்டிய பொருள். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் கழுத்தளவு தண்ணீரில் இருந்தது. மேற்குக் கரையைத் தாண்டி சப்டிவிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அன்றைக்குத்தான் சிங்கேஷ்வர் தண்ணீர் குடிக்க முடியாமல் போனார்.

சிங்கேஷ்வர் எங்கள் ஊரில் செத்த மாடுகளை இழுத்துக்கொண்டுபோய்ப் போடுகிறவர். வெள்ளத்துக்கு முன்னால், ஜேட் மாதத்தில், அந்த இடத்திலேயே ஒரு நாய் அவரைக் கடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் வேலை போகும் என்று மிளகாய் வைத்துக் கட்டிக்கொண்டு மறந்துவிட்டார். ஐம்பது நாள் நன்றாகத்தான் இருந்தார். மூன்று நாள் முன்புகூட கல்மேட்டில் சிக்கிய எருமையைக் கயிறு போட்டு ஆற்றின் நடுவே தள்ளிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம். "தாகமா இருக்கு, தாகமா இருக்கு" என்று அவரே கேட்டார். லோட்டாவை வாயருகே கொண்டுபோனபோது அவர் தொண்டையே அவரைத் தூக்கிப் பின்னால் எறிந்தது. அவர் மனைவி கட்டிலின் இரண்டு பக்கமும் சேலை கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் தண்ணீர். சேலைக்குப் பின்னாலிருந்து அதன் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சத்தத்தை மறைக்க அவளிடம் சேலை இல்லை.

மூன்றாம் நாள் விடிகாலையில் சேலைகள் அவிழ்க்கப்பட்டன.

எதனால் செத்தார் என்று அணைக்கரை முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் சரியாக ஏழு கிணறுகள். சிங்கேஷ்வர் ஆறுதான் பார்த்தார். ஏழாவது, பிராமணரான ஜா வீட்டுக் கிணறு. அவர்கள் வீட்டுக் கொல்லைக்குள் சிங்கேஷ்வரை விடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு அடிகுழாயின் வாயைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அதான். ஒண்ணு குறைஞ்சுபோச்சு," என்றாள் மாய், மெதுவாக.

எனக்கு நகைச்சுவை எதுவும் வரவில்லை. முயன்று பார்த்தேன்.

பிறகு இன்னொன்று நடந்தது. கடிபட்டவர்கள் எல்லோரும் தெற்கு உடைப்புப் பக்கம் தனியாகப் படுக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கடிபட்டவர் என்று தெரிந்தது பௌஜி ஒருத்திதான். உடைப்பு ஓரம், மண் சரிகிற இடத்தில், அவளுக்கு ஒரு தனித் தார்ப்பாய். மாய் இலையில் அவலை வைத்துப் பத்தடி தள்ளி நின்று மூங்கிலால் நகர்த்தினாள். நகர்த்திவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.

சொல்லியிருக்கலாம். 'மாய், என்னையும் நாய் கடித்தது.' நாலே சொல். பகலெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொன்னால் உடைப்பு ஓரம் இரண்டாவது தார்ப்பாய். சொன்னால் பதினொரு ஊரும் ஒரே குரலில் கேட்கும்: ப்ரொபசர், பயந்துட்டியா? சொல்லாவிட்டால் சேலைகள். வடக்கே உடைப்பு, தெற்கே உடைப்பு, நடுவே நான் அளந்து அளந்து நடந்தேன். புத்தகத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது. கிருமி நரம்பு வழியாக ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் முதல் நூறு மில்லிமீட்டர் வரை நகரும். குதிகாலிலிருந்து என் தலைக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது. நூற்று முப்பத்தேழு நாளும் ஆகலாம். பதினாறு நாளும் ஆகலாம். இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிறந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

மாயிடம் பேரம் பேசினேன். ஏழு கிணறும் பார்க்கட்டும், ஊசியும் போடட்டும். மேற்குக் கரைக்குப் போகும் வழி எங்கள் ஊரின் மேல்தான். புலகித் சாச்சா படகு தருவதாகச் சொன்னார்.

"கிணறு எங்கே இருக்குன்னு தெரியுமா சாச்சா? தெரியலைன்னா நேரா ஆஸ்பத்திரி."

"நாப்பது வருஷமா இந்தத் தண்ணிமேல ஓடறேன். உன் அப்பன் எந்தக் கிணத்துல விழுந்து கால் ஒடிச்சான்னுகூடத் தெரியும். ஏறு."

முதல் கிணறு ஜா வீட்டுக் கிணறு. மேட்டு நிலம், மாமர நுனியும் மொட்டைமாடிச் சுவரும் வெளியே தெரிந்தன. சாச்சா மூங்கில் கழியை விட்டுத் துழாவினார். செங்கல்லில் 'டக்' என்று மோதியது. கொஞ்சம் தள்ளி விட்டார். கழி முழுசாக உள்ளே போனது.

"இதோ வாய். பாரு பொண்ணே."

"இந்தக் கிணத்தை இதுவரைக்கும் நான் பாத்ததே இல்லை," என்றாள் பௌஜி.

"இப்பவும் பாக்கலை. ஆத்துத் தண்ணியைத்தான் பாக்கறே," என்றேன்.

"பாபு, என் கையைப் பிடிச்சுக்கோ. கால் வலிக்குது, விழுந்துடுவேன்."

பிடித்துக்கொண்டேன். அவள் குனிய, நானும் கூடவே குனிய வேண்டியதாயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ணை ஏன் மூடறே?"

"கொள்கை."

"அவன் படிச்சவன்மா," என்றார் சாச்சா. "படிச்சவங்க கண்ணை மூடிட்டுத்தான் எட்டிப் பாப்பாங்க."

இப்படியே ஏழும் நடந்தது. பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கு அடையாளம் கொடிக்கம்பம். மில் கிணற்றுக்கு மின்கம்பத்தில் தொங்கிய விளக்கு. ஒவ்வொன்றிலும் அவளுக்குக் கால் வலித்தது. ஒவ்வொன்றிலும் என் கை தேவைப்பட்டது. ஒவ்வொன்றிலும் நான் அறிவியலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். இடையிடையே, மேலே தண்ணீர் இருக்கும்போது கிணறு என்று ஒன்று இருப்பதாகச் சொல்ல முடியுமா என்று ஒரு சிறு உரையும் நிகழ்த்தினேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உயரமாகக் கேட்டது.

மேற்குக் கரையில் ஒரு தண்ணீர் லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்கென்று தனி வரிசை இருந்தது. வெள்ளக்காலத்தில் மற்ற எல்லா வரிசையையும்விட அதுதான் நீளம். மேசையில் இருந்த நர்ஸ் தீதி நிமிரவில்லை.

"யாரைக் கடிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். நாலு சொல்லும் அங்கேயேதான் இருந்தன. வெளியே வரவில்லை.

"ரெண்டு பேரை," என்றாள் பௌஜி. "எனக்குக் கெண்டைக்கால். இவனுக்கு இடது குதிகால்."

நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறே? நீ உதைச்சப்போ நான் கீழேதானே கிடந்தேன். உன் குதிகால் என் மூக்குக்கு நேரா இருந்துச்சு."

"மூணு நாளா ஏன் சொல்லலை?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அங்க சொன்னா மாய் செத்துப்போவா. நீ எப்படியும் துணைக்கு வருவேன்னு தெரியும். அப்புறம் என்ன."

நர்ஸ் என் காலைத் தூக்கிப் பார்த்தாள். "ரத்தம் வந்துதா?"

"கொஞ்சமா. மூங்கிலாக்கூட..."

"மூங்கிலுக்கு ரெண்டு பல்லு இருக்கா? படிச்சிருக்கியா நீ?"

"விலங்கியல்," என்றேன்.

"சரிதான்," என்றாள்.

இரண்டு தோளிலும் சின்னச் சின்னதாகக் குத்தினாள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் திரும்ப வர வேண்டும் என்று சீட்டில் எழுதினாள். காயத்துக்குள்ளேயே போடுகிற மருந்து ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. பௌஜியின் கெண்டைக்காலைச் சுற்றி அதைச் செலுத்தினாள். பௌஜி பல்லைக் கடித்துக்கொண்டு குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீதி, அடியில மிச்சம் இருக்கில்ல? அதை இவனுக்குப் போடுங்க."

"போடத்தான் போறேன். அவன் காயம் சின்னது, இதுவே போதும்." ஊசி குதிகாலுக்குள் போனது. அது எப்படி இருந்தது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் கால் பக்கம்கூட இல்லை.

"இனி ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன்.

"மூணு நாள் தாமதம் பண்ணிட்டீங்க. அதனால என்ன, இப்பவாவது வந்தீங்க. மத்த ஊசியை விடாம போட்டா ஒண்ணும் ஆகாது."

'ஆகாது' என்றுதான் சொன்னாள். அதற்கு முன்னால் இருந்த 'மூணு நாள் தாமதம்'தான் என் காதில் விழுந்தது.

வெயில் சாயும் முன்பே படகு திரும்பியது. போகும்போது இருந்த சேற்று நிறத் தண்ணீர்தான். நான் சீட்டில் இருந்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். புலகித் சாச்சா இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். காய்ச்சலா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மின்கம்பத்து விளக்கு தெரிந்தபோது நான் படகின் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"சாச்சா, கொஞ்சம் மெதுவா. தண்ணி ஏறுதா இறங்குதான்னு பாக்கணும்."

"பாரு," என்றார்.

பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் அருகிலும் தண்ணீர் நிலவரம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதன்பிறகு நான் கேட்காமலேயே அவர் ஒவ்வோர் இடத்திலும் கழியை நிறுத்தினார். பௌஜி என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தபடி, லூதியானாவில் இப்போது மழையாக இருக்குமா என்று யாரையும் குறிப்பிடாமல் கேட்டாள்.

ஆறு கிணறு ஆயிற்று.

அணைக்கரையின் தார்ப்பாய்கள் தெரியத் தொடங்கின. உடைப்பு ஓரத்தில் மாய் ஒற்றை ஆளாக நிற்பது சிறிதாகத் தெரிந்தது. மாமர நுனியைத் தாண்டிப் படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"சாச்சா," என்றேன். "ஜா வீட்டுப் பக்கம்."

அவர் படகைத் திருப்பினார். கழியை விட்டார். 'டக்'. தள்ளி விட்டார். கழி கையளவு மிச்சமாகும்வரை உள்ளே போனது.

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கலங்கல் தண்ணீர், அதன்மேல் ஒரு மாவிலை. வேறு ஒன்றும் தெரியவில்லை. இலை விலகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.